சித்தப்பா வீடு: குடும்பக் குழுவில் ஒரு பேச்சு

சித்தப்பா: ஒத்தக்கடை மனைக்கு ஆர்க்கிடெக்ட் ஒருவர், டிசைனர் ஒருவர், இரண்டு பேரிடமும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வேலைதானே? பாப்பா, நீ பி.ஆர்க் படித்தவள், சொல்லு.

அண்ணன்: டிசைனரே போதும் சித்தப்பா. அவர் அனுப்பிய த்ரீடி படம் அருமை.

நான்: படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் சித்தப்பா. இரண்டும் வேறு வேறு.

நான்: நம்ம மதுரையையே பாருங்கள். மீனாட்சி கோயில் நடுவில், அதைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. எது நடுவில், எது எதைச் சுற்றி, ஆள் எப்படி வந்து போவது என்ற அந்த ஏற்பாடுதான் ஆர்க்கிடெக்சர். கடையும் போர்டும் எவ்வளவோ மாறிவிட்டன. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதியில்தான் வருகிறது.

சித்தி: அப்போ கோபுரத்துப் பொம்மைகள்?

நான்: அது டிசைன் பக்கம் சித்தி. கோபுரத்தில் கீழே கருங்கல், மேலே செங்கல், அதன் மேல் சுண்ணாம்புச் சுதை. கும்பாபிஷேகம் வந்தால் சுதையைச் செப்பனிட்டு வர்ணம் புதிதாக அடிப்பார்கள். கட்டுமானத்தை மாற்ற மாட்டார்கள்.

அண்ணன்: அப்போ டிசைன் சின்ன வேலையா?

நான்: இல்லவே இல்லை அண்ணா. திருமலை நாயக்கர் மகாலில் அந்தச் சுதை வேலை இல்லையென்றால் பாதி அழகு போய்விடும். ஆனால் தூணும் வளைவும் முற்றமும் சரியாக அமைந்ததால்தான் அது எடுபடுகிறது.

நான்: ஜன்னல் எந்தச் சுவரில், எவ்வளவு பெரிது என்பது ஆர்க்கிடெக்சர். கிரில்லில் பூவா கோடா என்பது டிசைன். கிரில்லைப் பத்து வருஷம் கழித்துக்கூட மாற்றலாம். மேற்கே படுக்கையறை வைத்தால் சாயங்கால வெயில் சுவரில் ஏறி ராத்திரி வரை இறங்காது. ஏசி மாட்டலாம், அறையை நகர்த்த முடியாது. மாடிப்படியும் பாத்ரூமும் அப்படித்தான்.

சித்தப்பா: டிசைனர் கார்டிலும் ஆர்க்கிடெக்ட் என்று போட்டிருக்கிறதே?

நான்: பதிவு எண் கேளுங்கள். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். டிசைனர் என்று யாரும் போடலாம்.

அண்ணன்: சரி, அப்போ முதலில் ஆர்க்கிடெக்ட். கப்போர்டு, டைல்ஸ் வரும்போது டிசைனர்.

நான்: அதேதான். அதுவரை டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் சித்தப்பா.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மனைக்கு வா. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துவிட்டு அவரிடம் பேசுவோம்.

சித்தி: எனக்குச் சமையலறையில் காலை வெளிச்சம் வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுங்கள்.