ஸ்டியரிங் ‘பிளே’: தளர்வா, இடைவெளியா, ஆட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பிக்கப் வண்டிகளுக்கான பழுதுநீக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது குழுவில் பலருக்குத் தெரியும். எஞ்சினும் பிரேக்கும் ஒருவழியாக முடிந்தன. ஸ்டியரிங் அத்தியாயத்தில் ஒரே ஒரு சொல் வழிமறித்து நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்புகிறோம், டயர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்புகிறோம், அப்போதுதான் டயர் திரும்பத் தொடங்குகிறது. இடையில் வீணாய்ப் போனதே, அதற்கு என்ன பெயர்? பட்டறையில் ‘பிளே’ என்கிறார்கள். சென்ற வாரம் நான் கேட்டதற்கு வந்த விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘தளர்வு’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், தவறாகப் புரியும். தளர்வுக்கு எதிர்ச்சொல் இறுக்கம். ஆக, ‘ஸ்டியரிங் தளர்ந்திருக்கிறது’ என்று படித்தவன் கை தானாகவே ஸ்பேனரைத் தேடும். நானே அப்படிச் செய்தவன்தான். என் வண்டியில் இருப்பது பழைய பாணி ஸ்டியரிங் பெட்டி. உள்ளே திருகுத் தண்டு; அதன்மேல் குண்டுகள் உருள, முன்னும் பின்னும் நகரும் ஒரு பல்கட்டை; அந்தக் கட்டையின் பற்களோடு கோத்துச் சுழலும் செக்டார் ஷாப்ட். பெட்டியின் மேல்மூடியில் ஒரு சரிசெய்யும் திருகும் லாக் நட்டும் இருக்கும். அந்தத் திருகைத்தான் நான் முறுக்கினேன். நேரே போகும்போது சற்றுத் தேவலை போலத் தோன்றியது. முதல் வளைவில் திரும்பி நிமிர்ந்தால், ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர மறுத்தது. கையால் பிடித்து இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது.

காரணம் எளிது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்கின்றன. தேய்ந்த நடுவுக்கு ஏற்ப இறுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதைவிட வெட்கக்கேடு, என் வண்டியில் உண்மையான குற்றவாளி பெட்டியே இல்லை. பெட்டியின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிராக் லிங்க்கின் முனையில் இருந்த பந்து மூட்டு. அதைத் திருகி இறுக்க வழியே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். நோய்க்கு வைத்த பெயருக்குள்ளேயே தப்பான மருந்து ஒளிந்திருந்தால் அந்தப் பெயர் கையேட்டுக்கு ஆகாது. நட்டு கழன்றிருந்தால் தளர்வு. பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டு இளகியிருந்தால் தளர்வு. அவற்றோடு அந்தச் சொல்லை நிறுத்திக்கொள்வோம்.

> ‘இடைவெளி’ பொறியியல் பாடநூல்களில் ஏற்கெனவே புழங்குவதுதானே?

புழங்குகிறது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே இருப்பது இடைவெளி. தகடு நுழைத்து அளக்கிறோம். அது இருந்தே ஆகவேண்டும் என்று வடிவமைத்தவரே விட்டுவைத்தது. இடைவெளி ஓர் இடம். நான் பெயர் கேட்பது ஓர் அசைவுக்கு. பந்து மூட்டு தேய்கிறது; தேய்மானம் இடைவெளியை விட்டுச்செல்கிறது; இடைவெளியால் அசைவு வீணாகிறது. மூன்றும் அடுத்தடுத்து நிற்பவை என்றாலும் மூன்று தனிப் பொருள்கள்.

> ‘விளையாட்டு’ என்று யாராவது மொழிபெயர்த்து வைப்பதற்குள் முந்திக்கொள்ளுங்கள்!

கிண்டலாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கிண்டலில்தான் எனக்கு வழி கிடைத்தது. ஜெர்மானியர் இதற்கு ‘ஷ்பீல்’ என்கிறார்கள், பிரெஞ்சில் ‘ழ்யூ’, ஸ்பானியத்தில் ‘ஹுவேகோ’. எல்லாமே விளையாட்டுதான். ரஷ்யர்கள் மட்டும் ‘லியூஃப்ட்’ என்று, காற்றைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாம் ‘விளையாட்டு’ என்றால் சிரிப்பு வருகிறது, சரி. ‘ஆட்டம்’ என்றால்? சீட்டாட்டமும் அதுதான், மயிலாட்டமும் அதுதான், நாற்காலிக் கால் ஆடுவதும் அதுதான். குழந்தைக்குப் பல் விழப்போகிறது என்றால், ‘பல் தளர்ந்திருக்கிறது’ என்றா பாட்டி சொல்வாள்? ‘பல் ஆடுகிறது’ என்பாள். ஈறு அசையாமல் நிற்கப் பல் மட்டும் அசைகிறது. தேய்ந்த பந்து மூட்டில் நடப்பது அச்சு அசலாக இதுவே.

இதை நான் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. ஞாயிறன்று வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது வாயில் வந்தது. டயர்கள் தரையில், வண்டியின் எடை அவற்றின்மேல். தம்பி மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டிருந்தான். மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டையும் தொட்டுக்கொண்டே வந்தேன். தண்டையும் பெட்டியையும் இணைக்கும் ரப்பர் வட்டு: லேசாக முறுகி மீள்கிறது, அது நெகிழ்வு, குற்றமில்லை. பெட்டியிலிருந்து இறங்கும் பிட்மன் ஆர்ம்: பெட்டிக்குள் போகும் தண்டும் இதுவும் சேர்ந்தே அசைகின்றன. டிராக் லிங்க் முனையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். பந்தின் காம்பு முதலில் நகர்கிறது, ‘டக்’கென்று ஓர் உணர்வு விரலில், அதன் பிறகே தண்டு நகர்கிறது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் காய்ந்து கறுத்த பொருக்காகக் கிடந்தது. “ஆடுகிறது, நிறுத்து!” என்று கத்தினேன். ‘இடைவெளி உளது’ என்று அந்த நிலையில் யாரும் கத்தமாட்டார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: மூலச்சொல் ‘ஆட்டம்’. பொதுச் சொல்லாக இருப்பதால் கலைச்சொல்லுக்குரிய தனிமை வேண்டி ‘வெற்றாட்டம்’ (வெற்று + ஆட்டம்). மூட்டில் இருப்பதும் வெற்றாட்டம், ஸ்டியரிங் விளிம்பில் அளப்பதும் வெற்றாட்டம். குட்டிபோடும் சொல்லும்கூட. பற்களுக்கு இடையே என்றால் பல்லாட்டம், சக்கரப் பேரிங் அச்சுவாக்கில் முன்பின் நகர்ந்தால் அச்சாட்டம்.

‘வண்டியே ஆடுகிறது’ என்பதோடு குழம்பாதா என்றால், அதற்கு ஓட்டுநர்களிடமே நல்ல சொற்கள் இருக்கின்றன. வேகத்தில் ஸ்டியரிங் கையில் படபடவென்று அடித்தால் ‘உதறல்’. நேரே நிற்காமல் சாலையில் இடவலமாகப் போனால் ‘அலைச்சல்’. டயரில் காற்று குறைந்தாலோ சக்கரக் கோணம் மாறினாலோ ஆட்டம் துளியும் இல்லாமலே வண்டி அலையும். எல்லாவற்றையும் ‘தளர்வு’ மூட்டைக்குள் போட்டுக் கட்டினால், காற்றடித்துச் சரிசெய்ய வேண்டியவர் மூட்டுகளை மாற்றிக்கொண்டிருப்பார்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

மறுமொழி:

வணக்கம். ‘ஆட்டம்’ கையில் ஒட்டுகிற சொல், எனக்குச் சம்மதம். ‘வெற்றாட்டம்’ அப்படியில்லை. முதலில் படித்தபோது என் கண்ணில் பட்டது ‘வெற்றி’. கிரிக்கெட் செய்தியோ என்று நினைத்தேன். இலக்கணப்படி வெற்றி + ஆட்டம் வெற்றியாட்டம் என்றுதான் ஆகும் என்பீர்கள். கையில் கிரீஸோடு படிப்பவர் புணர்ச்சி விதி பார்க்கமாட்டார்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள். ஸ்டியரிங் விளிம்பில் அளப்பது ஒரு கூட்டுத்தொகை. பெட்டி, பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனைகள் ஒவ்வொன்றிலும் இருக்கும் சிறு சிறு ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்து மேலே தெரிவது அது. மூட்டில் அரை மில்லிமீட்டர் என்றால் விளிம்பில் பலமடங்கு. தளர்வைப் பற்றி நீங்கள் சொன்ன குற்றச்சாட்டு இங்கே உங்கள்மேலேயே திரும்புகிறது: இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், ‘வெற்றாட்டம் 40 மி.மீ.’ என்று படித்தவர் அந்த நாற்பதை எந்த மூட்டில் தேடுவார்?

மூட்டுக்கு ‘ஆட்டம்’ போதும், அடைமொழி வேண்டாம். விளிம்பில் அளப்பதற்கு ‘வெற்றுத்திருப்பம்’ எப்படி? திருப்பியும் பயனில்லாத திருப்பம்.

*

மறுமொழி:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மடலைப் படித்ததும் என் அளவுக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் விளிம்பில் ஒட்டுத்தாள் ஒட்டி, அருகே அளவுகோல் வைத்து எடுத்தது. விட்டம் 380 மி.மீ., டயர் அசையும் முன் விளிம்பு நகர்ந்தது 70 மி.மீ., அதாவது ஏறத்தாழ 21 பாகை. டிராக் லிங்க் முனையை மாற்றிய பின் 45. மீதி எங்கே என்று தேடினேன். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன்; ஆடியது. தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், ஆட்டம் நின்றது. அப்படியானால் பேரிங். மிதித்த பிறகும் ஆடியிருந்தால், சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணியான கிங் பின் பக்கம் போயிருப்பேன். பேரிங்கைச் சரிசெய்து, பக்கவாட்டில் பிடித்து அசைத்ததில் சிக்கிய ஒரு டை ராட் முனையையும் மாற்றி, சக்கரக் கோணம் பார்த்த பிறகு 25 மி.மீ. எழுபது, நாற்பத்தைந்து, இருபத்தைந்து: இவை வெற்றுத்திருப்பம். குறிப்பேட்டில் எல்லாவற்றுக்கும் ‘பிளே’ என்றே கிறுக்கியிருக்கிறேன். எது மேலே அளந்தது, எது கீழே தொட்டது என்று எனக்கே பிடிபட நேரமாயிற்று.

‘திருப்பம்’ என்றதும் திரைக்கதைத் திருப்பம் நினைவுக்கு வரும் என்று இன்னொரு நண்பர் தனிமடலில் எழுதியிருக்கிறார். வரட்டும். ஸ்டியரிங் அத்தியாயத்தில் கதாநாயகன் யாரும் இல்லை.

வெற்றாட்டத்தைக் கைவிடுகிறேன். மூட்டுக்கு ஆட்டம், விளிம்புக்கு வெற்றுத்திருப்பம். கையேட்டுப் பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

“சக்கரங்களை நேராக நிறுத்தி வெற்றுத்திருப்பத்தை அளக்கவும். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வண்டியின் கையேடு தரும் அளவை மீறினால், முதலில் பெட்டியின் போல்ட்டுகளில் தளர்வு இருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு ஒவ்வொரு மூட்டின் ஆட்டத்தையும் கையால் தொட்டு அறியவும். ஆடும் மூட்டை மாற்றவும். புது மூட்டின் நட்டை இறுக்கும்போது, நட்டு கழலாமல் காக்கும் கோட்டர் பின்னுக்கான துளை நட்டின் வெட்டுக்கு நேராக அமையாவிட்டால், அடுத்த வெட்டு வரும்வரை இறுக்க வேண்டும். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. பல்லாட்டத்துக்கான திருகைக் கடைசியாகத் தொடவும், அதுவும் சக்கரங்கள் நேராக இருக்கும்போது மட்டும்.”