ஓடிவிட்டு வந்தால் முகத்திலும் முதுகிலும் பொரிப்பொரியாக வருகிறது, என்ன செய்யலாம்?

புதூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சாயங்காலம் வேலை முடிந்ததும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுவேன், அப்புறம் அங்கிருந்தே நேராக ஜிம். மார்கழி, தை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பங்குனி வெயில் ஏறியதிலிருந்து நெற்றி, தாடை, நெஞ்சு, முதுகு என்று எல்லா இடத்திலும் கிளம்பிவிட்டது. நெற்றியிலும் தாடையிலும் வருவது சீழ் வைத்த பரு, தொட்டால் வலிக்கும். நெஞ்சிலும் முதுகிலும் இருப்பது வேறு மாதிரி, எல்லாம் ஒரே அளவில் கடுகு கடுகாக.

வேலைக்கு இலந்தைக்குளம் வரை பைக்கில் போய்வருகிறேன், அதனால் ஹெல்மெட்டும் உண்டு. வீட்டில் போர் தண்ணீர்தான், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. வியர்வைதான் காரணம் என்று நினைத்து எப்போது முகம் பிசுபிசுத்தாலும் குளிக்கிற சோப்பையே போட்டுக் கழுவுகிறேன். கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, கொஞ்ச நேரத்திலேயே திரும்ப எண்ணெய் வழிகிறது. ஓட்டத்தை நிறுத்து என்கிறார் அம்மா. நிறுத்தாமல் சமாளிக்க வழி இருக்கிறதா?

செல்லூர் சித்தன்:
தம்பி, இதெல்லாம் உடம்புச் சூடு. சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் வேண்டாம். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து முகத்தில் தேய்த்துவிட்டுப் படு. எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான், ஒருத்தருக்கும் பரு கிடையாது.

மருந்துக்கடை அக்கா:
சித்தன் அண்ணே, பரோட்டாவை விடச் சொன்னது சரி, மைதா மாதிரி சட்டென்று சர்க்கரை ஏற்றும் சாப்பாட்டுக்கும் பருவுக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் எலுமிச்சையை முகத்தில் தேய்க்கச் சொல்லாதீர்கள். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் வரும், கறுப்புத் தழும்பும் விழும். மதுரை வெயிலில் இது விளையாட்டில்லை.

தம்பி, முதலில் ஒன்று. வியர்வை நேரடியாகப் பருவை உண்டாக்குவதில்லை. வியர்வைச் சுரப்பிக்குத் தனி வாய் இருக்கிறது, பரு வருவது முடி வேர் இருக்கிற எண்ணெய்க் குழியில். வியர்வையிலேயே டெர்ம்சிடின் என்று கிருமியைக் கொல்லும் ஒரு புரதம்கூட உண்டு, 2001-இல் கண்டுபிடித்தார்கள். சிக்கல் எங்கே என்றால், வியர்வையில் ஊறிய தோலை ஹெல்மெட் வாரோ பையின் பட்டையோ இறுக்கமான பனியனோ உரசிக்கொண்டே இருப்பதில்தான். சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் குழி வாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். உனக்குத் தாடையில் வருவது ஹெல்மெட் வார் படுகிற இடத்தில்தானா என்று கண்ணாடியில் பார்.

அடுத்தது அந்தச் சோப்பு. சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது, தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மையில் இருக்கிறது. போதாக்குறைக்கு உப்புத்தண்ணீரில் சோப்பு கரையாமல் படிவாகத் தோலிலேயே தங்கும். திரும்பத் திரும்பக் கழுவினால் தோல் வறண்டு எரிச்சல்தான் மிச்சம். காலையில் ஒரு தடவை, ஓடி முடித்ததும் ஒரு தடவை, அவ்வளவு போதும். சோப்பு இல்லாத பேஸ் வாஷ், இல்லையென்றால் சின்டெட் பார் (சோப்பு சேராத குளியல் கட்டி) என்று கேட்டு வாங்கு, அது உப்புத்தண்ணீரிலும் படியாது. நடுவில் பிசுபிசுத்தால் வெறும் தண்ணீரை முகத்தில் அடித்துத் துண்டால் ஒற்று, தேய்க்காதே.

பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லில் ஆரம்பிக்கலாம். 5 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் குறையும் என்று நினைத்து எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், தோல் எரிவதுதான் அதிகமாகும். துணியில் பட்டால் நிறம் வெளுத்துவிடும், அதனால் தலையணைக்கும் துண்டுக்கும் வெள்ளைத் துணியே போடு. எந்த மருந்தும் வேலை செய்ய எட்டு வாரமாவது ஆகும்.

நெஞ்சிலும் முதுகிலும் இருப்பது அரிக்கிறதா? வேறு ஏதாவது ஏற்கெனவே தடவினாயா? அதைச் சொல்.

ஜிம் அண்ணே:
அக்கா சொன்னதோடு ஜிம் பக்கத்து விஷயத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் தினமும் பார்ப்பது இதுதான். பெஞ்சில் படுப்பதற்கு முன்னால் பாதிப் பேர் துண்டு விரிப்பதில்லை. விரிக்கிறவர்களும் பெஞ்சில் விரித்த அதே துண்டால் முகத்தைத் துடைப்பார்கள். பெஞ்சுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று எடுத்து வா. முகத்துக்குக் கனமான டர்க்கி டவல் வேண்டாம், நம்மூர் ஈரிழைத் துண்டு போதும், துவைத்தால் சீக்கிரம் காயும். டம்பெல் பிடித்த கையோடு தாடையைத் தடவுகிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது, கண்ணாடி முன்னால் நின்றால் கை தானாகவே போய்விடும்.

இன்னொன்று, முடித்த பிறகு அதே நனைந்த பனியனோடு டீக்கடையில் அரட்டை அடிப்பது. அங்கேதான் முதுகு கெடுகிறது. உடனே குளிக்க முடியாவிட்டால் சட்டையையாவது மாற்று. உடம்போடு ஒட்டுகிற டிரை-ஃபிட்டை விட ஒரு சைஸ் தளர்வாகப் போடு. குளிக்கும்போது தலைக்கு ஷாம்பு, கண்டிஷனர் எல்லாம் முடித்த பிறகு கடைசியாக முதுகைத் தேய், கண்டிஷனர் வழிந்து முதுகிலேயே தங்குவதும் பரு கிளப்பும்.

பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன் பவுடர் குடிக்கிறாயா? சிலருக்கு அது பருவைக் கிளப்பும். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு அவித்த முட்டை, சுண்டல் என்று போய்ப் பார்.

ஆனையூர் கயல்:
அண்ணே, பெண்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் ஆபீஸிலிருந்து நேராக ஜூம்பா வகுப்புக்குப் போகிறேன். தலையில் தேங்காய் எண்ணெய், முகத்தில் காலையில் போட்ட கிரீம், பவுடர் எல்லாம் அப்படியே இருக்கும். நெற்றி ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பரு.

மருந்துக்கடை அக்கா:
கயல், நெற்றி ஓரம் வருவது பெரும்பாலும் தலை எண்ணெய் வழிவதால்தான். எண்ணெய் வைக்கிறதை வகுப்பு இல்லாத நாளுக்கு மாற்று, இல்லையென்றால் குளிப்பதற்கு முன்னால் வைத்து அலசிவிடு. வகுப்புக்கு முன்னால் முகத்தைக் கழுவி மேக்கப்பை எடுத்துவிடு, நெற்றியில் ஒரு பருத்தித் துணிப் பட்டை கட்டு, அதைத் தினமும் துவை. காலை வெயிலில் ஓடுகிறவர்கள் சன்ஸ்கிரீனை விடாதீர்கள், ஜெல் வகையாகப் பார்த்து வாங்குங்கள், அட்டையில் நான்-காமிடோஜெனிக், அதாவது குழியை அடைக்காதது, என்று இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு ஓடுகிறவர்களுக்கு அது தேவையில்லை. பருவுக்கான அடாபலீன் ஜெல் ராத்திரிக்கு நல்லது, ஆனால் கர்ப்பமாக இருந்தாலோ குழந்தைக்கு முயற்சி செய்தாலோ தொடவே கூடாது.

புதூர்க்காரன்:
அக்கா, தாடையில் சரியாக வார் படுகிற இடம்தான், இப்போதுதான் பார்த்தேன். நெஞ்சிலும் முதுகிலும் நல்ல அரிப்பு, வியர்த்தால் தாங்க முடியாது. முன்னால் ஒரு கடையில் காட்டியபோது ஒரு கிரீம் கொடுத்தார்கள். தடவினால் உடனே அடங்குகிறது, விட்டால் முன்னைவிட மோசமாக வருகிறது, முகத்திலும் அதையே தடவினேன். அட்டையில் குளோபெட்டாசால் என்று முதலில் இருக்கிறது, அப்புறம் இன்னும் ரெண்டு மூன்று பெயர்.

மருந்துக்கடை அக்கா:
அந்த குளோபெட்டாசால்தான் தம்பி இப்போது பெரிய பிரச்சினை. அது வீரியமான ஸ்டீராய்டு. இந்த வகை கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே சீட்டு மருந்துப் பட்டியலான அட்டவணை எச்-இல் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனாலும் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், அதனால் குணமானது போலத் தெரியும். உள்ளே தோல் மெலியும், ஸ்டீராய்டாலேயே தனியாகப் பரு வரும்.

ஒரே அளவு, அரிப்பு, நெஞ்சும் முதுகும், வெயிலில் அதிகம் என்று நீ சொல்வதைப் பார்த்தால் அது பருவாக இல்லாமல் முடிக்குழியில் வரும் பூஞ்சையாக இருக்கலாம். மலசீசியா என்ற அந்தப் பூஞ்சை எல்லார் தோலிலும் இருக்கிறதுதான், எண்ணெயைத் தின்று வாழ்வது, வியர்வையும் சூடும் கிடைத்தால் பெருகும். வெறும் வேர்க்குருவும் அரிக்கும், ஆனால் அது குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் சில நாளில் தானே அடங்கும், உனக்கு அப்படி இல்லை. பூஞ்சை என்றால் பருவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டால் இன்னும் பரவும், ஸ்டீராய்டிலும் அப்படியே. தோல் டாக்டரிடம் காட்டும்வரை உடம்புக்கு எந்த எண்ணெயும் தேய்க்காதே. சித்தன் அண்ணே, நல்லெண்ணெய்க் குளியலும் இப்போதைக்கு வேண்டாம்.

இதற்குக் கீட்டோகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து வேலை செய்யும், ஆனால் நீயே வாங்கித் தடவாதே. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும், சின்ன சோதனைதான். கிரீமை முகத்தில் பல நாள் தடவியிருந்தால் சட்டென்று நிறுத்தும்போது சிவந்து எரியும், அதை எப்படிக் குறைப்பது என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

செல்லூர் சித்தன்:
சரி தாயே, எண்ணெயை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எலுமிச்சையையும். பரோட்டா மட்டும் என் கருத்தாகவே இருக்கட்டும்.

புதூர்க்காரன்:
நன்றி அக்கா. தனியார் டாக்டர் என்றால் செலவு அதிகமாகுமோ? பெரியாஸ்பத்திரியில் பார்க்க முடியுமா?

மருந்துக்கடை அக்கா:
தாராளமாக. பனகல் சாலையில் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடு, மதியத்துக்கு மேல் போனால் திரும்பி வர வேண்டியிருக்கும். அந்தக் கிரீம் டியூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போ, எதைத் தடவினாய் என்று டாக்டர் கேட்பார். போவதற்கு முந்தின நாள் உடம்பில் வேறு எதையும் தடவாதே. ஓட்டத்தை நிறுத்த வேண்டாம் என்பதையும் அம்மாவிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்.

ஜிம் அண்ணே:
டாக்டர் சொல்லும்வரை பெஞ்சில் சட்டை இல்லாமல் படுக்காதே. ஹெல்மெட் வாருக்கு மெல்லிய பருத்தித் துணியில் உறை தைத்துப் போடு, உள்ளே இருக்கும் பஞ்சையும் கழற்றித் துவைக்க முடிந்தால் துவை.