மாடிக் குளியலறையில் தண்ணீர் நூலாக வருகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மாடியில்தான் அம்மா இருக்கிறார். போன வாரம் மேல்தொட்டியைக் கழுவி நிரப்பியதிலிருந்து அவர் குளியலறைக் குழாயைத் திறந்தால் முதலில் ‘புஸ்’ என்று காற்று, அப்புறம் நூல் மாதிரி தண்ணீர். ஒரு வாளி நிரம்ப 20 நிமிடம் ஆகிறது. மூட்டுவலியோடு அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், பார்க்க மனசு கேட்கவில்லை.

கீழ்வீட்டுக்குத் தனிக் குழாய். அங்கே நல்ல வேகம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பார்கள். எங்கள் தொட்டி ஷவருக்கு மேல் ஒன்றரை மீட்டர்தான், ஆக 0.15 பார். ஆனால் இத்தனை வருடம் அதுவே போதுமானதாக இருந்ததே! குழாயில் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வைக் கழற்றிப் பார்த்தோம், உள்ளே மண், உப்பு எதுவும் அடைக்கவில்லை. மொட்டைமாடியில் அம்மா குளியலறைக்கு வரும் குழாய் ஓரிடத்தில் வளைந்து ஏறி இறங்குகிறது. அங்கேதான் காற்று சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வந்த பிளம்பர் பிரஷர் பம்ப் போடச் சொல்கிறார். அதற்கு முன், அந்த வளைவில் தொட்டியைவிட உயரமாக ஒரு ஏர் வென்ட் (காற்று வெளியேறும் திறந்த குழாய்) வைத்தால் சரியாகுமா? கீழிருந்து ஹோஸ் மாட்டித் தண்ணீரை எதிர்ப்பக்கம் தள்ளிக் காற்றை எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.