அம்மாவின் எக்கோவில் ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’: ஆபரேஷன் செய்யலாமா?

திருமங்கலத்துப் பெண்:
அம்மாவுக்கு 66 வயது. பத்து வருஷமாக பிபியும் சுகரும். முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தோம். ‘இஎஃப் 62%, கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்று வந்திருக்கிறது. “வயசானா சகஜம்மா” என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா அதைப் படித்துவிட்டு “ஹார்ட் ஃபெயிலியராம்” என்று சொல்லிப் போனதிலிருந்து அம்மா தூங்கவில்லை. பம்பிங் நன்றாக இருக்கும்போது டிஸ்ஃபங்ஷன் எங்கிருந்து வந்தது?

எக்கோ அறை:
நான் டாக்டர் இல்லை, 17 வருஷமாக எக்கோ எடுக்கும் டெக்னீஷியன். நீங்கள் பம்பிங் என்று சொல்லும் இஎஃப், இதயம் சுருங்கும் கணக்கு மட்டும்தான். சுருங்கிய பிறகு தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வது தனி வேலை. அதில் வரும் குறைதான் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன். வருஷக்கணக்கில் பிபியோடு மல்லுக்கட்டிய இதயச் சுவர் தடித்து, இறுகி, சட்டென்று தளராது. ஸ்கிரீனில் மைட்ரல் வால்வு வழியாக இரண்டு அலை தெரியும். முதலில் வரும் இ அலை, ரத்தம் தானாக இறங்குவது. பின்னால் வரும் ஏ அலை, மேல் அறை கடைசியாக ஒரு தள்ளு தள்ளுவது. இளவட்டங்களுக்கு இ உயரமாக இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஏ முந்திவிட்டது, அவ்வளவுதான் கிரேடு 1. பிபி உள்ள பெரியவர்களிடம் இதைப் பார்க்காத நாளே எனக்குக் கிடையாது. இது மட்டுமே ஹார்ட் ஃபெயிலியர் ஆகாது.

கிரேடை விட்டுவிட்டு ரிப்போர்ட்டில் வேறு இரண்டைத் தேடுங்கள். இடது மேல் அறை பெருத்திருக்கிறதா? ‘இ பை இ பிரைம்’ (இதயத்துக்குள் இருக்கும் பிரஷரைக் கணிக்க உதவும் எண்) 14க்கு மேலா? பெருத்த மேல் அறை, பிரஷர் ரொம்ப நாளாக ஏறியிருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பாவின் மகன்:
பயமுறுத்தச் சொல்லவில்லை. என் அப்பாவுக்கு இஎஃப் 60. ரேஷன் கடை வரை நடந்தால் மூச்சு வாங்கும். இஎஃப்பைப் பார்த்துவிட்டு ஒரு வருஷம் “நார்மல்” என்றே அனுப்பினார்கள். ஒரு கல்யாண வீட்டில் அப்பளம், ஊறுகாய் என்று ஒரு பிடி பிடித்தார். அன்று ராத்திரி 2 மணிக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினார். இதயத் துடிப்பு தாறுமாறாகி, மேல் அறையின் அந்தத் தள்ளு நின்றுபோயிருந்தது. நுரையீரலில் நீர். அப்போதும் இஎஃப் 60தான்!

இப்போது உடம்பில் நீர் தேங்குகிறதா என்று தினமும் காலையில் எடை பார்க்கிறோம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்கு போன். சுகருக்கும் ஹார்ட் ஃபெயிலியருக்கும் தரும் எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையும் சாப்பிடுகிறார். இஎஃப் பெரிதாகக் குறையாமலே ஹார்ட் ஃபெயிலியர் வந்த சுமார் 6,000 பேரிடம் செய்து 2021ல் வெளியான ஆய்வில் ஆஸ்பத்திரிச் சேர்க்கையை அது குறைத்தது, இறப்பை அந்த அளவுக்குக் குறைக்கவில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

மயக்க மருந்து டாக்டர்:
கிரேடு 1க்காக மட்டும் யாரும் முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டை மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். டிரிப்ஸை அளந்துதான் ஏற்றுவார். சுகர் மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள், எம்பாகிளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். அப்புறம், வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

திருமங்கலத்துப் பெண்:
மேல் அறை நார்மல், இ பை இ பிரைம் 9. எக்கோ அறை அண்ணா, நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அம்மா சோறே சாப்பிட்டாள். டாக்டர், வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டிக்ளோஃபினாக், தினம் இரண்டு, ஒன்றரை வருஷமாக.

மயக்க மருந்து டாக்டர்:
அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிபியையும் ஏற்றும். நாளைக்கே டாக்டரிடம் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள்.