போலீஸ் தலைவரை நிரந்தரமாக்க கவுன்சிலர்கள் ஆதரவு: அது எடுபடுமா?

தல்லாகுளம் மணி:
அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது: தற்காலிக போலீஸ் தலைவரையே நிரந்தரமாக்கச் சொல்லி நகர்மன்ற உறுப்பினர்கள் அறிக்கை விடுகிறார்கள். நம்மூரில் மாநகர போலீஸ் கமிஷனரை மாநில அரசு போடும். கவுன்சிலரிடம் யார் கேட்கிறார்கள்? அங்கே அவர்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டா, இல்லை வெறும் அறிக்கைதானா?

சிகாகோ செல்வி:
மணி அண்ணா, நகருக்கு நகர் சட்டம் வேறு. சிகாகோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே மேயர் நியமிப்பார், நகர்மன்றம் ஒப்புதல் தர வேண்டும். அதனால் வெறும் அறிக்கை இல்லை.

2015 நவம்பரில், லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுப் பையனை ஒரு போலீஸ்காரர் 16 முறை சுட்ட வீடியோ வெளியே வந்து ஊரே கொதித்தது. சுட்டது 2014 அக்டோபரில். வீடியோ வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, நீதிமன்ற உத்தரவும் தேவைப்பட்டது. மேயர் ராம் இமானுவேல், போலீஸ் தலைவர் கேரி மெக்கார்த்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜான் எஸ்கலான்டேவைத் தற்காலிகமாக உட்கார வைத்தார். லத்தினோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) உறுப்பினர்கள் எஸ்கலான்டே பக்கம் நின்றார்கள். கறுப்பின உறுப்பினர்களோ தங்கள் வார்டு நிலவரம் தெரிந்த, உள்ளே இருந்து வந்த கறுப்பின அதிகாரி வேண்டும் என்றார்கள்.

அப்புறம்தான் கூத்து. விதிப்படி போலீஸ் வாரியம் 39 விண்ணப்பங்களைச் சலித்து மூன்று பெயர் கொடுத்தது. பிடிக்காவிட்டால் மேயர் வேறு மூன்று பெயர் கேட்கலாம். இமானுவேல் அதுவும் செய்யவில்லை. விண்ணப்பமே போடாத எடி ஜான்சனைப் பிடித்தார். மன்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும் விதியைத் தளர்த்தி, 2016 ஏப்ரலில் 50-0 என்று கை தூக்கியது. ஐம்பது வார்டில் ஒருத்தர்கூட எதிர்ப்பில்லை! தாங்களே போட்ட விதியைத் தாங்களே ஓரம் கட்டியதை நான் ஆதரவு என்று சொல்ல மாட்டேன், வசதி என்பேன்.

ஜெர்சி பாலா:
செல்வி, கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறீர்கள். ஜான்சன் கப்ரினி-கிரீன் என்ற ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், 1988லிருந்து அதே படையில் இருந்தவர். அந்த நேரத்தில் போலீஸ்காரர்களும் தெருவில் இருப்பவர்களும் ஓரளவாவது நம்பக்கூடிய ஆள் தேவைப்பட்டது. வார்டு மக்கள் வந்து சண்டை போடுவது கவுன்சிலரிடம்தானே? அவர்கள் சொல்வதைக் கேட்டதில் என்ன தப்பு?

சிகாகோ செல்வி:
பாலா சார், ஜான்சன் நல்லவரா கெட்டவரா என்பதல்ல என் பேச்சு. வாரியம் கொடுத்து, மேயர் வேண்டாம் என்று தள்ளிய மூவரில் ஒருவர் ஆன் கிர்க்பாட்ரிக். அப்புறம் ஓக்லாந்து போலீஸுக்குத் தலைவரானார், 2023ல் நியூ ஆர்லியன்ஸில் அதே பதவிக்கு வந்தார். அதாவது பட்டியல் ஒன்றும் மட்டமில்லை. அந்தப் பட்டியல் கொடுத்த வாரியத்தின் தலைவி யார் தெரியுமா? லோரி லைட்ஃபூட். 2019ல் அவரே மேயர். காரில் தூங்கிக் கிடந்த விவகாரத்தில் ஜான்சன் பொய் சொன்னார் என்று, ஓய்வு பெறச் சில வாரங்கள் இருக்கும்போதே டிசம்பரில் நீக்கினார்.

தல்லாகுளம் மணி:
அடேயப்பா! இங்கேயும் டிஜிபி பதவிக்கு யூபிஎஸ்சி மூன்று பெயர் அனுப்பும், மாநிலம் ஒன்றை எடுக்கும். பட்டியலுக்கு வெளியே போகும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு போல. இன்னும் அதே விதிதானா?

சிகாகோ செல்வி:
மூன்று பெயர்தான், ஆனால் கொடுப்பது வாரியமில்லை. 2021ல் பொதுமக்கள் அடங்கிய ஆணையம் ஒன்று அமைத்தார்கள், இப்போது பெயர் தருவது அது. 2023ல் மேயர் பிராண்டன் ஜான்சன் ஆணையம் கொடுத்த மூவரில் இருந்தே லாரி ஸ்னெல்லிங்கை எடுத்தார். மன்றமும் எதிர்ப்பில்லாமல் ஒப்புக்கொண்டது. அந்த வாக்கெடுப்பை மட்டும் நான் ஆதரவு என்று ஒத்துக்கொள்வேன் அண்ணா.