கையால் செய்த ஃபெல்ட் தொப்பி: விளிம்பு அலைபாய்கிறது, மேற்பரப்பில் மயிர் எழும்புகிறது

நூற்கண்டு கேட்டது:

வணக்கம். மெரினோ கம்பளியைச் சோப்பு கலந்த வெந்நீரில் தேய்த்து இறுக்கி, 8 செ.மீ. அகல விளிம்பு கொண்ட தொப்பி ஒன்றை முழுவதும் கையாலேயே செய்திருக்கிறேன். கம்பளி அடுக்குகளுக்கு நடுவில் வைத்த பிளாஸ்டிக் தாளின் அகலம், தலை உட்காரும் இடத்தில், 40 செ.மீ.; தொப்பியை இழுத்துப் பொருத்திய மர அச்சின் சுற்றளவு 58 செ.மீ. தலைப்பகுதி அச்சில் ஒழுங்காகப் படிந்து, கழற்றிய பின்பும் வடிவம் மாறாமல் நிற்கிறது. விளிம்புதான் பிடிவாதம் பிடிக்கிறது. ஈரமாக இருக்கும்போது தட்டையாகக் கிடந்துவிட்டு, காய்ந்ததும் ஓரம் முழுவதும் அலை அலையாக எழும்புகிறது. இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டி அழுத்தினால் அப்போதைக்கு அடங்குகிறது. சில முறை அணிந்ததும் பழைய நிலைக்கே போய்விடுகிறது.

மேற்பரப்பும் திருப்தியாக இல்லை. கை படும் இடங்களில் மயிர் எழும்பிச் சிறு சிறு உருண்டைகளாகத் திரள்கிறது. விற்பனைக்கு வரும் தொப்பிகளின் வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்துப் பெறலாம் என்றும், விளிம்பு நிற்க அவலரக்குக் (ஷெல்லாக் எனும் அரக்குப் பிசின்) கரைசல் பூச வேண்டும் என்றும் படித்தேன். இவற்றில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்? முயல் மயிரால் ஆன மிகப் பழைய தொப்பி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்கும் ஆவி காட்டி மறுவடிவம் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

அச்சும் ஆவியும் எழுதியது:

வணக்கம் நண்பரே. அளவுகளைக் கொடுத்தது நல்லதாயிற்று, ஏனெனில் விடையில் பாதி அவற்றிலேயே இருக்கிறது. 58 செ.மீ. சுற்றளவைத் தட்டையாக மடித்தால் 29 செ.மீ. வரும். 40 செ.மீ. அகலத் தாளிலிருந்து 29 செ.மீ. அளவுக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் கம்பளி ஏறத்தாழ 27 விழுக்காடுதான் சுருங்கியிருக்கிறது. தொப்பிக்கு 40 விழுக்காடாவது சுருங்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கணக்கில் தாளின் அகலம் 48 செ.மீ. இருந்திருக்க வேண்டும். மயிர் எழும்புவதற்கும் உருண்டை திரள்வதற்கும் இதுவே காரணம். மேற்பரப்பிலுள்ள இழைகளை இரு விரல்களால் கிள்ளி மெல்லத் தூக்கிப் பாருங்கள். இழைகள் மட்டும் தனியே எழுந்து வந்தால் ஃபெல்ட் இன்னும் இறுகவில்லை. இழையோடு சேர்ந்து ஃபெல்டும் தூக்கிக்கொண்டு வந்தால் இறுகிவிட்டது.

இதற்காகத் தொப்பி முழுவதையும் மீண்டும் சுருக்கிவிடாதீர்கள். அது குழந்தையின் தலைக்குத்தான் பொருந்தும். தலைப்பகுதியை அச்சின் மேலேயே வைத்து, சோப்பு வெந்நீர் விட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால், அச்சு சுற்றளவைக் குறைய விடாது. உயரம் மட்டும் சற்றுக் குறைந்து மேற்பரப்பு இறுகும். வேலை முடிந்ததும் சோப்பு முழுவதும் போகும்வரை அலசி, கடைசி நீரில் சிறிது வினிகர் சேர்ப்பது நல்லது. சோப்பின் காரத்தன்மை கம்பளிக்கு ஒவ்வாது. உள்ளே தங்கிவிட்டால் இழை நாளடைவில் வலுவிழக்கும்.

அடுத்து விளிம்பு. தட்டையான விளிம்பின் வெளி ஓரம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தலையின் சுற்றளவோடு, விளிம்பின் அகலத்தை 6.28 ஆல் பெருக்கி வரும் எண்ணைக் கூட்ட வேண்டும். அச்சு முட்டை வடிவில் இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும். உங்கள் தொப்பிக்கு 58 உடன் 50 சேர்ந்து 108 செ.மீ. வருகிறது. இஞ்சு நாடாவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, அலைகளின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்தபடியே ஓரத்தை அளந்து பாருங்கள். 108க்கு மேல் எத்தனை செ.மீ. இருக்கிறதோ அத்தனையும்தான் அலையாக நிற்கிறது. போக இடமில்லாத அந்த நீளத்தை எவ்வளவு இஸ்திரி போட்டாலும் ஒளிக்க முடியாது.

ஃபெல்ட் எந்தத் திசையில் உருட்டப்படுகிறதோ அந்தத் திசையில் சுருங்கும். ஆகவே ஓரத்தை மட்டும் வெந்நீரில் நனைத்து, கைப்பிடி அளவாகப் பகுதி பகுதியாக எடுத்து, ஓரத்தின் போக்கிலேயே உருட்ட வேண்டும். உள்ளிருந்து வெளியாக உருட்டினால் விளிம்பின் அகலம் குறையுமே தவிர அலை போகாது. மிகுதி சிறிதாக இருந்தால் ஓரத்தை ஒட்டி நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கி, ஆவி காட்டித் தட்டி அமர்த்தினாலே போதும்.

காய வைப்பதில் அவசரம் கூடாது. விளிம்பும் தலைப்பகுதியும் சேரும் மடிப்பில் பருத்திக் கயிற்றை இறுகக் கட்டி, விளிம்பைப் பலகையின் மேல் ஊசிகளால் குத்தி நிறுத்தி, முற்றிலும் காயும்வரை அச்சிலேயே விடுங்கள். கடைசியாகக் காய்வது அந்த மடிப்புதான். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்குமானால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

உப்புத்தாள் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். மேற்பரப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இறுகாத ஃபெல்டின் மேல் உப்புத்தாள் படக் கூடாது. எழும்பிய மயிர் அறுபடுவதற்குப் பதிலாகப் புதிய மயிர் இழுபட்டு வெளியே வரும். இறுகி, நன்றாகக் காய்ந்த தொப்பிக்கு 320 ஆம் எண் தாளில் தொடங்கி, 400, 600 என்று (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) போகலாம். தாளைப் பலகையில் சுற்றாமல், மடித்து விரல்களுக்கடியில் வைத்துக்கொண்டால், எந்த இடத்தில் எவ்வளவு சொரசொரப்பு இருக்கிறது என்பது விரலுக்கே தெரியும். அழுத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும். மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையாகத் தொப்பி முழுவதும் ஒரே போக்கில் தேய்ப்பது மரபு; திசை மாறினால் மயிர் படியும் போக்கும் மாறி, ஒரே நிறத் தொப்பியில் இரண்டு நிறம் தெரியும். ஒரு சுற்று முடிந்ததும் தூசியைத் துலக்கிவிட்டு, ஆவி காட்டித் தூரிகையால் வாரினால், படுத்திருந்த மயிர் எழுந்து நிற்கும். காய்ந்த பின் அதை மீண்டும் தேய்க்க வேண்டும். முடிவில், மென்மையான வெல்வெட் துணியைப் பஞ்சோடு திண்டாகக் கட்டி அதே திசையில் தேய்த்தால் மெல்லிய பளபளப்பு வரும்.

தேய்ப்பதற்கு முன் தீயில் பொசுக்குவோரும் உண்டு. கம்பளி எளிதில் பற்றி எரியாது. நுனி கருகி, தலைமயிர் கருகும் வாசம் வரும், அந்தக் கரியைத் துலக்கிவிடலாம். சுடர் ஓரிடத்தில் தங்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிர்நிறத் தொப்பிகளுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழுப்பேறிவிட்டால் போக்க வழியில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த எதையும் பூசிய தொப்பியின் அருகில், அது முழுமையாக உலரும்வரை சுடரைக் கொண்டுவரவே கூடாது.

கம்பளியிடம் எதிர்பார்க்கக் கூடியதற்கும் எல்லை உண்டு. முயல் மயிர் கம்பளியைவிட மெல்லியது, அடர்த்தியாக இறுகுவது. நீங்கள் கண்ட வழவழப்புத் தொப்பிகள் பெரும்பாலும் அதில் செய்தவையாக இருக்கும். கம்பளித் தொப்பியை 600க்கு மேல் தேய்ப்பது வீண் உழைப்பு என்றே நினைக்கிறேன். அளவுக்கு மீறினால் சொட்டை விழும். நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

ஊசிமுனை எழுதியது:

அவலரக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. நன்றாக இறுகிய விளிம்புக்கு எதுவும் பூசத் தேவையில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. குறுகிய விளிம்புக்கு அது சரி. 8 செ.மீ. அகலக் கம்பளி விளிம்பு, ஈரக்காற்றில் தன் எடையாலேயே தொங்கும் என்பதால் உங்களுக்கு அது தேவைப்படலாம்.

அவலரக்கைக் குறைந்த அளவில் ஸ்பிரிட்டில் கரைத்து, நீர்த்த கரைசலாக, விளிம்பின் அடிப்புறத்தில் மட்டும் தூரிகையால் பூசுங்கள். கெட்டியாக ஒரே முறை பூசுவதைவிட, நீர்த்ததாக இரு முறை பூசி, ஒவ்வொரு முறையும் உலர விடுவது மேல். கெட்டியாகப் பூசியது மேற்புறம்வரை ஊறி, கருநிறத் தொப்பியில் பளபளக்கும் திட்டுகளாகவும், ஈரம் பட்டால் வெண்படலமாகவும் காட்டிக்கொடுத்துவிடும். அவலரக்கு சூட்டில் இளகும் என்பதால், பூசி உலர்ந்த விளிம்புக்கு ஆவி காட்டி வளைவு கொடுத்து ஆற விட்டால், அந்த வளைவு அப்படியே நிற்கும். எனவே ஓரத்தைச் சுருக்கி முடித்த பின், விளிம்புக்கு இறுதி வடிவம் கொடுப்பதற்கு முன் பூச வேண்டும். அலையைச் சரிசெய்யாமல் பூசினால் அலையே விறைத்து நிற்கும்.

நூற்கண்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஓரத்தை அளந்தேன், 113 செ.மீ. இருக்கிறது. கிள்ளிப் பார்த்ததில் இழைகள் மட்டும்தான் எழுந்து வருகின்றன. முதலில் தலைப்பகுதியை அச்சில் வைத்து இறுக்கிவிட்டு, ஓரத்தை உருட்டப் போகிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. அச்சின் அளவும் என் தலையின் அளவும் 58 செ.மீ. தான், ஆனால் தோலால் ஆன வியர்வைப் பட்டையை உள்ளே வைத்துப் பார்த்தால் தொப்பி நெற்றியை இறுக்குகிறது. இது ஏன்?

அச்சும் ஆவியும் எழுதியது:

அதே கணக்குதான். தோலின் தடிமன் 1 மி.மீ. என்றால், உட்சுற்றளவு 6.28 மி.மீ. குறைகிறது, நெற்றி அதை உடனே உணர்ந்துவிடும். பட்டை வைக்கும் தொப்பிக்குத் தலையின் அளவைவிட முக்கால் செ.மீ. முதல் 1 செ.மீ. வரை பெரிய அச்சு வேண்டும். இருக்கும் அச்சின் மேலேயே பட்டை உட்காரும் உயரத்தில் மெல்லிய தோலையோ தடித்த துணியையோ ஒரே சீராகச் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டாலும் போதும். எப்படியும் தொப்பியை மறுபடி நனைக்கப் போகிறீர்கள். இதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

பட்டையை விளிம்பு மடிப்பை ஒட்டியே, கைத்தையலால் தையுங்கள். வெளியே தெரியும் தையல் புள்ளிகளை ரிப்பன் மறைத்துவிடும். அந்த ரிப்பனும் ஓரம் நேராக நெய்த சாதாரண வகையாக இருக்கக் கூடாது; சிறு சிறு பற்களாக ஓரம் நெய்த பெட்டர்ஷாம் வகையை ஆவி இஸ்திரியால் வளைக்கலாம் என்பதால், தொப்பியின் சரிவோடு சுருக்கம் இல்லாமல் அது படியும்.

ஊசிமுனை எழுதியது:

அந்தப் பழைய முயல் மயிர்த் தொப்பியைத் தயவுசெய்து இப்போதைக்குத் தொடாதீர்கள். முற்காலத்தில் முயல் மயிர் எளிதில் இறுகுவதற்காக, தோலோடு இருக்கும்போதே அதன் மேல் பாதரச நைட்ரேட்டுக் கரைசலைப் பூசினார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளர்களுக்கு அந்தப் பாதரச நஞ்சால் வந்த கைநடுக்கம், அந்த ஊரின் பெயராலேயே பேசப்படும் அளவுக்குப் பரவியிருந்தது. அந்நாட்டில் 1941 டிசம்பரில்தான் இந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. பாதரசம் ஃபெல்டை விட்டு முழுவதும் போய்விடுவதில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய தொப்பிகளில் அது இன்றும் கண்டறியப்படுகிறது. ஆவி காட்டினால் அது காற்றில் கலக்கும், உப்புத்தாளால் தேய்த்தால் தூசியோடு மூச்சில் ஏறும். தொப்பியின் காலம் உறுதியாகத் தெரியாதவரை, கையுறை அணிந்து, வாய் மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். தயாரிப்பாளரின் முத்திரை உட்பட்டையில் இருந்தால் அதைப் படமெடுத்து இங்கே பதிவிடுங்கள், எந்தக் காலத்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.