குரங்கின் முழங்கால் கோணம்: இரண்டு கேமரா அளவீட்டுக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் மெக்ரிச்சி பகுதியில் நீண்டவால் குரங்குகள் கிளையில் நடப்பதை வீடியோ எடுத்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால் புள்ளிகளைக் கினோவியா என்ற வீடியோ அளவீட்டு மென்பொருளில் குறித்துக் கோணம் அளக்கிறோம். வினாடிக்கு 120 ஃபிரேம், ஷட்டர் 1/500 வினாடி. இதைவிட மெதுவாக வைத்தால் வீசும் பாதம் மங்கிவிடும்.

சிக்கல் ஒற்றைக் கேமராதான். குரங்கு நேர் பக்கவாட்டிலிருந்து 30 டிகிரி திரும்பினாலே கிடைமட்ட நீளம் 13 சதவீதம் சுருங்குகிறது. இடுப்புக்கு நேர்கீழே பாதம் ஊன்றியிருக்கும்போது, மடங்கிய முழங்கால் உண்மையைவிட நிமிர்ந்ததுபோல் பதிவாகிறது. ரோமத்துக்கடியில் மூட்டு எங்கே என்பதும் ஊகம்தான்.

இரண்டு கேமராவுக்கு மாறுகிறோம். நீளம் தெரிந்த கோலை இரண்டு கேமராவுக்கும் தெரியும்படி அசைத்து அளவுத்திருத்தம் (படத்தில் தெரியும் தூரத்தை உண்மைத் தூரத்தோடு பொருத்துவது) செய்தவர்கள் யாராவது உண்டா? நடக்கும் உயரத்துக்குக் கோல் எட்டாவிட்டால் பிழை கூடும். 5 மீட்டர் உயரக் கிளைக்கு எப்படித் தூக்கினீர்கள்? கேமராக்களை ஒத்திசைக்கக் கைதட்டல் ஒலி போதுமா, எல்இடி விளக்கை ஒருமுறை மின்னவைக்க வேண்டுமா? உணவு காட்டி வரவழைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், இங்கே அது சட்டவிரோதம்.